ராயபுரத்துச் செங்கல் பங்களாவில் தங்கலாமா? ஏ.சி. இல்லாத அறை கிடைத்தால் தங்கலாம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ராயபுரத்தில் ஒரு பழைய செங்கல் பங்களாவைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அதன் கீழ்த்தளத்து ஏ.சி. அறைகள் வாங்குகிற வாடகைக்குப் பெறுமானவை அல்ல. மாடியில் தெருவைப் பார்த்தபடி ஏ.சி. இல்லாத அறை ஒன்று இருக்கிறது. வாடகையும் குறைவு. பாரிமுனைக்கு வடக்கே அப்படி ஓர் அறையில் நான் இதுவரை படுத்ததில்லை. சாப்பாடு நன்று. கொசு தாராளம். பெயரைப் போடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் குறைகளைத்தான் நீட்டி எழுதப்போகிறேன். அண்ணனும் தம்பியுமாக இரண்டு இளைஞர்கள் கடன் வாங்கி நடத்தும் இடம். அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு விருப்பமில்லை. ராயபுரத்துக்காரர்களுக்கு அடையாளம் சொன்னாலே எது என்று விளங்கிவிடும்.

பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டிரேசிங் தாளில் மை தொட்டு வரைந்த காலத்தையும் பார்த்தேன், கணினி வந்த காலத்தையும் பார்த்தேன். வீடு தண்டையார்பேட்டையில். இத்தனை பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு எதற்கு ராயபுரத்தில் அறை என்று கேட்பீர்கள். வைகாசியில் தங்கை மகளுக்குக் கல்யாணம். திருநெல்வேலியிலிருந்து வந்த உறவுகள் என் வீட்டை நிறைத்துவிட்டார்கள். குளியலறை வாசலில் வரிசையில் நின்றால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தங்கையே மண்டபத்துக்கு அருகில் இந்த இடத்தைப் பார்த்துக் கொடுத்தாள். "அக்கா, உனக்குப் பிடித்த பழைய கட்டடம்தான். ஆனால் அங்கே போய் டேப்பை எடுத்து அளந்துகொண்டிருக்காதே" என்றாள். என் கைப்பையில் டேப் எப்போதும் இருக்கும். அளந்தேன்.

இரண்டு தளம். மூன்று பக்கமும் அடுக்குமாடிகள் நெருக்குகின்றன. தெருவில் நின்று பார்த்தால் இடது கைப்பக்கம் சுவர் மூன்று முகமாக வெளியே பிதுங்கி, கீழிருந்து மாடி வரை ஒரே ஜன்னல் மாடமாக ஏறுகிறது. அதன் உச்சியில் முக்கோண முகப்பு. முக்கோணத்தின் நடுவில் சுடுமண் பலகை, அதில் ஒரு சூரியகாந்திப் பூ. இதழ்களின் ஓரம் மழையில் கரைந்திருந்தாலும் நடுவட்டத்தில் விதைக்குழிகள்கூட இன்னும் தெரிகின்றன. வலது கைப்பக்கம் செங்கல் வளைவுகளோடு தாழ்வாரம். கீழ்த்தளத்தையும் மாடியையும் பிரிக்கிற இடத்தில் கற்களை அரை அங்குலம் வெளியே தள்ளி ஒரு பட்டை, அதற்குக் கீழே பல்வரிசை. இவ்வளவையும் செங்கல்லிலேயே செய்திருக்கிறார்கள். பூச்சு கிடையாது.

இந்த முகம் மெட்ராஸில் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் 1784 முதல் செங்கல்லுக்கு வரி இருந்தது, 1850-ல்தான் எடுத்தார்கள். கண்ணாடி மீதான வரி 1845-ல் போனது. ஜன்னல்களை எண்ணி வசூலித்த வரி 1851-ல் ஒழிந்தது. இந்த மூன்றும் தொலைந்த பிறகு, மாதச் சம்பளக்காரரும் பெரிய கண்ணாடி போட்ட ஜன்னல் மாடத்தோடு ஒரு செங்கல் வீட்டுக்கு ஆசைப்பட வழி பிறந்தது. ஊருக்கு வெளியே குடியிருந்து ரயிலில் வேலைக்குப் போய்வரலாம் என்று ஆனதும் லண்டனைச் சுற்றி இப்படிப்பட்ட வீடுகள் தெருத்தெருவாக எழுந்தன. 1870-களில் கட்டடக் கலைஞர் நார்மன் ஷாவும் அவரைப் போன்ற சிலரும் பூச்சையும் கிரேக்கத் தூண்களையும் கைவிட்டு, சிவப்புச் செங்கல், வெள்ளை வண்ணமடித்த ஜன்னல் சட்டம், முக்கோண முகப்பு, சுடுமண் பூ வேலை என்று ஒரு பாணியை நாகரிகமாக்கினார்கள். அதற்கு ஆன் அரசியின் பெயர். அந்த அம்மையார் இறந்து அப்போதே நூற்றைம்பது வருடத்துக்கு மேல். மேற்கு லண்டனில் 1875-ல் தொடங்கிய பெட்ஃபோர்டு பார்க் குடியிருப்பு இந்தப் பாணிக்குப் பேர்போன இடம். சூரியகாந்தி அவர்களுடைய செல்லச் சின்னம். அதுதான் கப்பலேறி ராயபுரத்துச் சுவரில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மெட்ராஸில் அதுவரை வழக்கம் வேறு. நாட்டுச் செங்கல் மெல்லியது, சூளையில் வேக்காடு ஒன்று போல் வராது. ஆகவே சுவரைக் கட்டியவுடன் சுண்ணாம்பால் மூடிவிடுவார்கள். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, நன்றாக அரைத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய அந்தப் பூச்சைப் பார்த்துப் பளிங்கோ என்று வெள்ளைக்காரர்களே மலைத்திருக்கிறார்கள். இதே ராயபுரத்தில் 1856-ல் திறந்த ரயில் நிலையத்தைப் போய்ப் பாருங்கள்: தூண்வரிசையும் பூச்சும்தான். ஒரு தலைமுறைக்குள் ரசனை தலைகீழாகிவிட்டது. 1884-ல் வந்த தலைமை அஞ்சலகமும் 1892-ல் திறந்த உயர் நீதிமன்றமும் செங்கல்லை மறைக்காமல் நெஞ்சை நிமிர்த்தி நிற்பவை. உயர் நீதிமன்றத்தைக் கட்டி முடித்த ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார். சூளைத் தொழிலும் அந்த வருடங்களில் மாறிக்கொண்டிருந்தது. புல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1876-ல் கொண்டுவந்த அகழிச் சூளையில் தீயை அணைக்காமல் சுற்றிக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கலாம். கல்லும் ஓரளவு சீராக வேகும்.

விடுதி வாசல் பலகையில் ஆண்டு எதுவும் இல்லை. "விக்டோரியா கால மாளிகை" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். விக்டோரியா 1837 முதல் 1901 வரை அரசாண்டவர். அறுபது சொச்சம் வருடத்தில் எதை எடுத்துக்கொள்வது? கல்லின் சீரான சிவப்பு, ஜன்னலில் சின்னச் சின்னச் சதுரங்களாக இல்லாமல் இரண்டே இரண்டு பெரிய கண்ணாடிகள், தாழ்வாரத்தைத் தாங்கும் உருக்கு உத்திரம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் அந்த ஆட்சியின் கடைசிப் பதினைந்து வருடங்களில் கட்டியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. மாளிகை என்பது அதிகம். வசதியான குமாஸ்தாவோ கப்பல் கம்பெனி ஏஜென்டோ கட்டியிருக்கக்கூடிய வீடு.

முகப்புச் சுவரில் முகம் பதிய நின்று பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு கல் நெடுக்கு, அடுத்த கல் குறுக்கு என்று மாறி மாறி வருகின்றன. மேல்வரியின் குறுக்குக் கல், கீழ்வரி நெடுக்குக் கல்லின் நட்டநடுவில் வந்து உட்காருகிறது. இதுதான் ஃபிளெமிஷ் கட்டு. ஒரு வரி முழுக்க நெடுக்கு, அடுத்த வரி முழுக்கக் குறுக்கு என்று போகும் இங்கிலீஷ் கட்டுதான் பிடிமானம் என்று எங்கள் துறையில் பாடம். இங்கே கட்டியவர் அழகின் பக்கம் சாய்ந்திருக்கிறார். ஜன்னல் தலைக்கு மேல் இருக்கும் வளைவில் வேலை இன்னும் நுணுக்கம். மென்மையான கல்லாகப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றையும் ஆப்பு வடிவத்துக்குத் தேய்த்து, வெறும் சுண்ணாம்புப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு நூல்கூட இல்லை. டேப்பின் தகட்டு முனையை நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. இன்று சதுர அடிக் கணக்கில் கூலி பேசுகிற எந்த மேஸ்திரியிடமும் இதைக் கேட்க எனக்கு வாய் வராது.

அப்படியே பக்கத்துச் சந்துக்குள் பத்தடி நடங்கள். மூலை திரும்பியதும் கதை முடிந்தது. அங்கே நாட்டுச் செங்கல், மேலே சாதாரணப் பூச்சு, கோணல்மாணலாக ஒரு மழைநீர்க் குழாய். காசு தெருப்பக்கத்தோடு தீர்ந்துவிட்டிருக்கிறது. இதற்காக மெட்ராஸ்காரர்களைக் குறை சொல்ல வேண்டாம். லண்டனிலும் அதே கணக்குத்தான். முகப்புக்கு மட்டும் விலை கூடிய கல், பக்கத்துக்கும் பின்னுக்கும் மலிவுக் கல் என்பதே அந்தக் காலத்து வீட்டு ஒப்பந்தக்காரர்களின் நடைமுறை. எனக்கு இது பிடித்தும் இருந்தது. வீடு கட்டியவனின் கையிருப்பு எங்கே முடிந்தது என்று நூறு வருடம் கழித்தும் சொல்லும் சுவர் எத்தனை இருக்கிறது?

இனி அறைகளுக்கு வருகிறேன். எனக்கு முதலில் கொடுத்தது கீழ்த்தளத்தில் ஜன்னல் மாடம் உள்ள பெரிய ஏ.சி. அறை, இருப்பதிலேயே உயர்ந்தது, இரவுக்கு 3,800 ரூபாய். படத்தில் பிரமாதமாக இருக்கிறது. உள்ளே போனதும் பழைய துணிப்பெட்டியைத் திறந்த நாற்றம். ஜிப்சம் பலகையால் கூரையை ஒன்பதடிக்கு இறக்கி, குழிவிளக்குகள் பதித்திருக்கிறார்கள். சுவரின் மேல்பகுதியில் காற்றுப் போக்குக்காக இருந்த சின்ன ஜன்னல்கள் அந்தப் பலகைக்கு மேலே மாட்டிக்கொண்டு செத்துவிட்டன. மாடத்து ஜன்னல்கள் மேலும் கீழும் வழுக்கித் திறப்பவை; சட்டத்துக்குள்ளே கயிற்றில் கட்டிய இரும்பு எடைகள் தொங்கும், விரலால் தள்ளினாலே ஏற வேண்டும். எனாமல் பெயின்டை அடித்து அடித்து மூன்றையும் சட்டத்தோடு ஒட்டவைத்திருக்கிறார்கள். திறந்திருந்தாலும் இவ்வகை ஜன்னல் பாதிக்கு மேல் திறக்காது. லண்டனில் வருடத்தில் பாதி நாள் வராத வெயிலைப் பிடிக்க மூன்று முகமாகக் கண்ணாடியை நீட்டினார்கள். இங்கே கிழக்கு வெயில் காலை ஆறரைக்கே கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே தடித்த திரை, திரைக்கு உள்ளே இருட்டு, இருட்டுக்குள் ஏ.சி.

கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. மேலாளராக இருக்கும் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஈரம் வர வாய்ப்பே இல்லை அம்மா. வெளியே முழுவதும் சிமென்ட் வைத்துப் பாயிண்டிங் செய்திருக்கிறோம். மேலே ஈரம் புகாத பூச்சும் அடித்திருக்கிறோம்" என்றார்.

"அதனால்தான் ஈரம், தம்பி" என்றேன். வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். முகப்பின் கீழ்ப்பகுதியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த பழைய சுண்ணாம்புச் சந்துகளைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் கலவையை அடைத்திருக்கிறார்கள். இப்போது அந்தச் சிமென்ட் கோடுகள் மட்டும் கட்டம் கட்டமாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன; நடுவில் இருக்கும் கல்லின் முகம் கால் அங்குலம் உள்வாங்கிப் பொரிந்து கிடக்கிறது. கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன், கைநிறையச் சிவப்புத் தூள்.

காரணம் சிக்கலானதல்ல. சுண்ணாம்புக் காரை கல்லைவிட இளகியது. சுவருக்குள் ஏறும் ஈரம் அந்தச் சந்துகள் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். உப்பு படிந்தாலும் சந்தில் படியும். வருடங்கள் கழித்துச் சந்தைச் சுரண்டிப் புதுக் காரை வைத்தால் தீர்ந்தது. சிமென்டை வைத்து அடைத்துவிட்டால் ஈரத்துக்குக் கல்லைத் தவிர வேறு வழியில்லை. கல்லின் முகத்துக்கு வந்து காயும். கூடவே வந்த உப்பு அங்கே பளிங்குத்துகளாகிப் பருத்து, கல்லை உள்ளிருந்து உடைக்கும். மேலே பளபளப்புப் பூச்சும் அடித்திருந்தால் வெளியே போக முடியாத ஈரம் உள்பக்கமாக அறைக்குள் திரும்பும். காசிமேட்டுக் கடற்காற்று தினமும் உப்பைக் கொண்டுவந்து அப்புகிற ஊரில் இதைச் செய்வது அறியாமை என்றுதான் சொல்ல வேண்டும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வேலையை எடுத்தவர் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் 1875-ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகு, தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறாமல் இருக்க அடியில் ஒரு வரிசை ஈரம் புகாத கல்லைத் தடுப்பாக வைப்பது விதிமுறையாகப் பரவியது. இந்த வீட்டைக் கட்டியவருக்கும் அது தெரிந்திருக்கிறது: பீடத்துக்கு மேல் கறுப்புக் கடப்பைக்கல் பலகை ஒரு வரி ஓடுகிறது. பின்பக்கத்தில் நன்றாகத் தெரிகிறது. முன்பக்கத்தில் காணோம். தேடினால், விருந்தினர் வண்டி நிறுத்த மண்ணைக் கொட்டி உயர்த்திப் போட்டிருக்கும் பேவர் கற்களுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. தடுப்புக்கு மேலே மண்ணைக் குவித்தால் தடுப்பு எதற்கு? ஈரம் அதைத் தாண்டிச் சொகுசாக ஏறிப் போகிறது. ஏன் உயர்த்தினீர்கள் என்று கேட்டேன். தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் மட்டம் ஏறிக்கொண்டே வருகிறது, மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்றார். வட சென்னையில் வீடு வைத்திருப்பவளுக்கு அதற்குப் பதில் சொல்ல வாயில்லை. முன்னே ஏறி வந்த படிகளை இப்போது இறங்கித்தான் என் வீட்டுக்குள்ளேயே போகிறேன்.

மறுநாள் மாடி அறைக்கு மாற்றிக் கேட்டேன். "அங்கே ஏ.சி. இல்லை அம்மா, வைகாசி வெயில்" என்று தயங்கினார்கள். 2,200 ரூபாய். கதவைத் திறந்தவுடனே வித்தியாசம் தெரிந்தது.

இங்கே யாரும் கூரையை இறக்கவில்லை. வெளிச்சுவரில் கல் வரிகளை எண்ணிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறையின் உயரம் 14 அடிக்குக் குறையாது. அண்ணாந்தால் தேக்குச் சட்டங்கள் வரிசையாக ஓடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை அடி. சட்டங்களுக்கு மேலே சின்னத் தளக்கற்கள் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கப்பட்டிருப்பது வெள்ளைக்குள்ளே கோடுகோடாகத் தெரிகிறது. இந்த வகைத் தளத்துக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். முகம் லண்டனிலிருந்து வந்தது என்று சொன்னேனே, தலை நம்முடையது. அங்கே என்றால் சரிவான கூரைபோட்டு ஸ்லேட் பலகை வேய்ந்திருப்பார்கள். இங்கே அந்த முக்கோண முகப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் கூரையே இல்லை. வெறும் சுவர், அதற்குப் பின்னே தட்டை மொட்டைமாடி. தெருவுக்காகப் போட்ட வேஷம் அது.

இந்தத் தளம் போடும் விதத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தளக்கற்களைச் சுண்ணாம்பில் நிறுத்தி ஒட்டிய பிறகு, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்புவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை பட்டால் துள்ள வேண்டும். அந்தப் பதம் வந்த பிறகுதான் நிறுத்துவார்கள். அதற்கு மேல் தட்டோடு. அவ்வளவு கனமுள்ள தளத்தில் உச்சிவெயில் கீழே வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரவு ஒன்பது பத்து மணிக்குத் தளம் லேசாகச் சூடு விடத்தான் செய்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சூடு நம் தலைக்கு மேல் எட்டடி உயரத்திலேயே நின்று, மேலே உள்ள சின்ன ஜன்னல்கள் வழியாகப் போய்விடுகிறது. கீழ் அறையில் அவற்றைத்தான் ஜிப்சம் போட்டு மூடினார்கள்.

மாடத்து ஜன்னல்களும் மாடியில் வேறு. வழுக்கும் கண்ணாடிக்குப் பதிலாக இரட்டைக் கதவுகள். ஒவ்வொன்றிலும் சாய்வான பலகைத் துண்டுகள், நடுவில் ஒரு குச்சி. குச்சியை மேலே தள்ளினால் பலகைகள் மூடிக்கொள்ளும், கீழே இழுத்தால் திறக்கும். வெயிலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடலாம். கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து, எல்லாப் பலகைகளையும் பாதி திறந்து வைத்துவிட்டுப் படுத்தேன். பிற்பகலில் கடற்காற்று ஏறியது. மண்டபத்து ஏ.சி.யில் விறைத்துப்போன தோள்பட்டைக்கு இதமாக இருந்தது. மாலை வரவேற்புக்குக் கிளப்ப வந்த தங்கையின் இளைய மகள், "பெரியம்மா, இங்கே எப்படி வேர்க்கவே இல்லை?" என்று கேட்டுவிட்டு என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். வரவேற்புக்கு இருவரும் தாமதமாகத்தான் போனோம்.

கூடத்துத் தரையைப் பற்றி ஒரு பாராட்டு. இங்கிலாந்திலிருந்து வந்த ஓடுகள், மண்ணின் நிறத்தில், மஞ்சளும் கறுப்புமாகக் கோலம். இவ்வகை ஓட்டில் நிறம் மேலே பூசியதல்ல; வேறு வேறு நிறக் களிமண்ணை அச்சில் பதித்துச் சுட்டது, அதனால் தேய்ந்தாலும் கோலம் அழியாது. வாசலருகே சுமார் இருபது ஓடுகள் உடைந்துபோன இடத்தில் ஆத்தங்குடி ஓடு போட்டிருக்கிறார்கள். பழையதைப் போலவே பொய்யாகச் செய்து ஒட்டாமல், இது புதிது என்று தெரியும்படி நம்மூர் ஓட்டையே வைத்தது சரியான முடிவு. எண்ணெய் தேய்த்துத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். கூடத்தில் கணப்பு அடுப்பு ஒன்றும் உண்டு, செதுக்கிய மரச்சட்டத்தோடு. குனிந்து உள்ளே பார்த்தேன். மேலே புகைபோக்கியே இல்லை, ஒருநாளும் இருந்ததுமில்லை. மெட்ராஸில் யார் குளிர் காய்ந்தார்கள்? இப்போது அதற்குள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வைத்து நெருப்பு எரிகிற படத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். சிரிப்பு வந்தாலும், கட்டியவரின் ஆசைக்கு இது ஒன்றும் துரோகமில்லை.

துரோகம் வேறிடத்தில் இருக்கிறது. வீட்டின் பின்பக்கத்தில் வார்ப்பிரும்பில் சுழற்படி ஒன்று, தரையிலிருந்து மாடிக் குளியலறையின் வெளிக்கதவு வரை போகிறது. படிகளில் பூ வேலை. அதன்மேல் மின்விளக்குச் சரம் சுற்றி, படம் எடுக்கும் இடமாக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்துத் துரை நிலா பார்க்க ஏறிய படி என்று வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார்கள். குளியலறைக் கதவில் போய் முடிகிற படியில் எந்தத் துரை நிலா பார்ப்பான்? இது மலம் அள்ளுகிறவர்கள் வந்து போக வைத்த வழி. சாக்கடைக் குழாய் வராத காலத்தில் மாடியிலிருந்த கழிவுப் பெட்டியைத் தினமும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எடுப்பவர்கள் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆகவே வெளியே படி. லண்டன் வீடுகளிலும் வேலைக்காரர்களுக்குத் தனிப் பின்படி இருந்தது. நம்மூரில் அந்தப் பழக்கம் சாதியோடு கைகோத்துக்கொண்டது, அவ்வளவுதான். முகப்பு வளைவைத் தேய்த்தவர் கைக்கு ஒரு பலகை வைத்தால், இந்தப் படியில் ஏறி இறங்கியவர் காலுக்கும் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று மேலாளர் தம்பியிடம் சொன்னேன். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். விளக்குச் சரத்தையாவது கழற்றுங்கள் என்றேன்.

சாப்பாட்டை நான்கு வரியில் முடித்துவிடுகிறேன். சமையல் காசிமேட்டு அக்கா ஒருவர். விடியலில் ஏலத்துக்கு வரும் மீனில் வாங்கியதைத்தான் சமைக்கிறார், பட்டியல் என்று எதுவும் கிடையாது. சங்கரா மீன் குழம்பும் நெத்திலி வறுவலும் சாப்பிட்டேன். குழம்பில் மாங்காய் போட்டிருந்தார். புளியைக் குறைத்து மாங்காயின் புளிப்பை முன்னால் விட்டது தேர்ந்த கை. காலையில் இட்லியோடு வடகறி. காபி மட்டும் சுமார், பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விடுங்கள்.

இரவில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் மாடி அறைக்குக் கேட்கும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அமைதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. காற்று வடக்கிலிருந்து அடித்தால் மீன் வாடை உண்டு. குளியலறைத் தண்ணீர் சற்று உவர்ப்பு, குடிக்கக் கேன் தருகிறார்கள். மாடிக்கு மரப்படிதான், லிஃப்ட் இல்லை. ஆனால் படியின் உயரம் ஆறு அங்குலத்துக்குச் சற்றே கூடுதல், என் முழங்கால் புகார் சொல்லவில்லை. வேலையாட்கள் மரியாதையானவர்கள்.

கிளம்பும்போது கருத்துப் புத்தகத்தை நீட்டினார்கள். இரண்டு பக்கத்துக்கு எழுதி, சுவரின் குறுக்குவெட்டையும் வரைந்து, பேவர் கல்லைச் சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்கு எடுத்துவிட்டுப் பழைய மட்டம் வரை தோண்டிக் கூழாங்கல்லை நிரப்பும்படி குறித்துக் கொடுத்தேன். பாயிண்டிங்கை அவசரப்பட்டு உளியால் கொத்த வேண்டாம், கல்லின் விளிம்பும் சேர்ந்து பெயர்ந்துவிடும். தானாகக் கழன்ற இடங்களில் மட்டும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு வரலாம் என்றும் எழுதினேன். ஜிப்சம் கூரையைக் கழற்றச் சொன்னதற்குத்தான் அண்ணன்காரர் முகம் வாடியது. அதற்குப் போட்ட கடன் இன்னும் அடையவில்லையாம். மேலே மாட்டிக்கொண்ட ஜன்னல்களுக்கு எதிரே மட்டுமாவது பலகையை வெட்டிவிடலாம் என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: முன்பதிவு செய்யும்போது "மாடி, கிழக்கு, ஏ.சி. இல்லாதது" என்று மூன்றையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெரிய அறையைக் கொடுத்து உபசரிப்பதாக நினைத்துக் கீழே தள்ளிவிடுவார்கள். கொசுவலை கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம். கார் நிறுத்த இடம் இருக்கிறது, ஆனால் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள்.